ஒரே தேதி, இருவேறு தீ!

டிசம்பர் 25! ஏசுநாதர் பிறந்த நாளைக் கிறிஸ்துவத் தோழர்கள் கொண்டாடும் நாள். அந்த மகிழ்ச்சியில் நமக்கும் பங்குண்டு. ஆனால், அதே தேதியில் மூண்ட இரண்டு தீயை உழைப்பவன் மறக்கலாகாது.

முதல் தீ, 1927இல். பம்பாய் மாகாணத்து மகாத் நகரில் சவுதார் குளம். ஆடு மாடு குடிக்கலாம். தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்ட மனிதன் குடிக்கலாகாது! மார்ச் 20இல் டாக்டர் அம்பேத்கர், ஆயிரக்கணக்கானோருடன் சென்று அந்த நீரை அள்ளிப் பருகினார். விளைவு? திரும்பியவர்களுக்குத் தடியடி, குளத்துக்குத் தீட்டுக் கழிப்பு! டிசம்பரில் மீண்டும் கூடினர். மாநாட்டுக்கு இடம் தர ஆளில்லை. ஒரு முஸ்லிம் அன்பர் தம் நிலத்தைத் தந்தார். 25ஆம் நாள், பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்த மனுஸ்மிருதி நெருப்பில் இடப்பட்டது. தீர்மானத்தைக் கொண்டுவந்த சகஸ்ரபுத்தே யார்? பிறப்பால் பிராமணர்! எரிந்தது ஏடு; எந்த உயிரும் கருகவில்லை. குளத்து வழக்கிலும் 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வெற்றி கிடைத்தது.

இரண்டாம் தீ, 1968இல். நெற்களஞ்சியம் என்று நாம் பெருமை பேசும் தஞ்சை மாவட்டத்தில், கீழ்வெண்மணியில்! விளைவித்தவன் கேட்டது என்ன? அரைப்படி நெல் கூடுதல் கூலி. சங்கம் வைக்கும் உரிமை. பதில் என்ன? இரவில் ஆயுதங்களோடு வந்தது ஒரு கும்பல். உயிருக்கு அஞ்சிப் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் ஒரு குடிசைக்குள் ஒண்டினர். அந்தக் குடிசைக்குத் தீ! மாண்டோர் 44 பேர்.

கூலியை வரையறுக்க 1969இல் சட்டம் வந்தது. நீதி வந்ததா? 1970இல் நாகைச் செஷன்ஸ் நீதிமன்றம் மிராசுதார்களுக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லையாம்!

மகாத்தில் ஏட்டை எரித்தவர்கள் மனிதனைத் தொடவில்லை. வெண்மணியில் மனிதனை எரித்தவர்களின் நெஞ்சில் அந்த ஏடு கருகாமல் இருந்தது. கூலி கேட்டதற்காக மட்டுமா அத்தனை ஆத்திரம்? ‘இவன் கேட்பதா?’ என்ற ஆத்திரமும் அல்லவா!

ஆண்டுதோறும் வெண்மணிக்குச் சென்று நாம் வீரவணக்கம் செலுத்துகிறோம். செலுத்துவோம். ஆனால் தோழர்களே, நம்மையும் கேட்டுக்கொள்வோம். ஆலை வாசலில் ‘தோழர்’ என்று அழைத்தவனைத் தெருவுக்குத் திரும்பியதும் சாதி சொல்லி அழைக்கிறோமா? ஒரே சங்கத்தில் சந்தா கட்டியவன் வீட்டில் கை நனைக்கத் தயங்குகிறோமா? தயங்கினால், மகாத்தில் எரிந்த ஏட்டின் ஒரு பக்கம் நம் சட்டைப்பையில் இருக்கிறது.

அதை எரிக்க டிசம்பர் 25 வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே எரிப்போம்!