ஜிபே டு போன்பே: நடுவுல பாலம் போட்டது யார்? பணம் சிக்கினா யார் பொறுப்பு?

நீங்க ஜிபேயில் அனுப்புற பணம், கடைக்காரரின் போன்பேக்கு நொடியில் போகுது. ஆனா இந்த இரண்டு செயலிகளுக்கும் நேரடி இணைப்பு கிடையாது. அப்புறம் எப்படி?

கணக்கு சிம்பிள். 10 வங்கிகள் ஒன்றோடொன்று நேரடியாக இணைய 45 இணைப்புகள் வேண்டும். ஒரு வங்கி தன் மென்பொருளை மாற்றினால், மற்ற 9 வங்கிகளும் அதற்கேற்ப மாறணும். நடுவில் பொது மையம் இருந்தால் 10 இணைப்புகளே போதும். அதுதான் 2016-ல் வந்த யுபிஐ.

யாருக்கு என்ன வேலை?

மையத்தையும் பொது விதிகளையும் பார்த்துக்கொள்வது என்பிசிஐ எனும் இந்திய தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகம். அதோடு இணையும் தன் பக்கத்து சர்வரைப் பராமரிப்பது அந்தந்த வங்கி.

பணம் சிக்கினால்?

கணக்கில் பணம் கழிந்தும் உரியவருக்குப் போகலையா? ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, தனிநபருக்கு அனுப்பியது என்றால் மறுநாளுக்குள், கடைக்கு என்றால் 5 நாளுக்குள் அது திரும்பணும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. நீங்க புகார் கொடுக்காவிட்டாலும் அது உங்க கணக்கில் வரவாகணும். வரலைன்னா, பரிவர்த்தனை எண்ணோடு செயலியிலோ வங்கியிலோ கேளுங்க.