காற்றோட்டப் பொறிகளைப் புதுப்பித்தல்

காரைதீவுச் சந்தியில் நின்று வடக்கே சென்றால் சாய்ந்தமருது, கல்முனை என்று கடைவீதிகள் தொடர்கின்றன, தெற்கே நிந்தவூர். கிழக்கே கடல் கூப்பிடு தொலைவில் இருக்கின்றது. பகலெல்லாம் கடற்காற்று வீசும் இக்கரையிலே, கடைக்குள் காற்றைக் கொணர்வதற்கு மாதந்தோறும் பணம் செலுத்தவேண்டியிருப்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இருமருங்கும் அயற்கடைச் சுவர்கள் நெருக்கி நிற்க, முகப்பு கண்ணாடியால் அடைபட்டு, உள்ளே நெடுந்தூரம் நீண்டு செல்லும் ஒரு புடைவைக் கடைக்குள் கடற்காற்றுத் தானாக நுழைவதில்லை. கச்சான் வீசும் மாதங்களிலோ, மேற்கிலிருந்து வரும் வறண்ட வெப்பக் காற்றை உள்ளே விடுவதற்கே எவரும் அஞ்சுவர். ஆகவே விசிறியும் காற்றுக்குழாயும் வேண்டியனவாயின.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தபின் எழுந்த கட்டடங்கள் பல. அவற்றுட் பொருத்திய பொறிகள் இப்பொழுது முதுமையடைந்துவிட்டன. இதற்கிடையில் 2022 ஓகஸ்டில் நாட்டின் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. பின்னர் அது இறங்கியும் ஏறியும் வந்ததாயினும், அந்த ஆறு மாத காலத்தில் கடைக்காரர் பெற்ற அதிர்ச்சி எளிதில் மறக்கத்தக்கதன்று. அப்பொழுது எவருக்கும் முதலில் தோன்றும் வழி, வெளியேற்று விசிறியை நிறுத்திவிடுவது. அடுத்துத் தோன்றுவது, பழைய பொறியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடன் பட்டுப் புதியதை வாங்குவது. இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டு. அதனையே இங்குச் சற்று விரிவாக நோக்குவோம்.

விசிறியின் இயல்பை அறிந்தாலன்றி அதன் செலவை அறிய இயலாது. விசிறி தள்ளும் காற்றின் அளவு அதன் வேகத்திற்கு நேராக ஏறும், இறங்கும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்றும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் அது விழுங்கும் வலுவோ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுவது. ஐந்தில் நான்கை மூன்று முறை தம்முட் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறையப் பாதி வரும். அஃதாவது நூற்றுக்கு 20 பங்கு காற்றை விட்டுக்கொடுத்தால் நூற்றுக்கு 49 பங்கு வலு மிஞ்சுகின்றது. யாழ் நரம்பின் நீளத்திற்கும் அதன் இசைக்கும் உள்ள கணக்கை ஆராய்ந்த விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த ஊரிலே இத்தகைய கணக்கொன்றைச் சொல்லக் கூச்சப்படவேண்டியதில்லை.

இதனைக் கடைக்கணக்காக்கிக் காண்போம். 4 கிலோவாற்று இழுக்கும் விசிறியொன்று நாளொன்றுக்கு 12 மணித்தியாலம், மாதத்தில் 26 நாள் ஓடுகின்றதென்று கொள்வோம். அதற்குச் செல்லும் மின்சாரம் 1248 அலகு. வேகத்தை ஐந்தில் நான்காக்கினால் 640 அலகு அளவிற் போதும். ஏட்டுக் கணக்கு முழுவதும் கைக்கு வருவதில்லை. மோட்டரிலும் பெல்ட்டிலும் சிறிது போகும். ஆயினும் 500 அலகு மிஞ்சினும் அது சிறு தொகையன்று. தத்தம் மின்கட்டணச் சீட்டில் ஓர் அலகின் விலையைப் பார்த்துப் பெருக்கிக்கொள்ளலாம்.

காற்றைக் குறைத்தால் புழுக்கம் மிகாதோ என்று வினவலாம். பல கட்டடங்களில் விசிறியைத் தேவைக்கு மிஞ்சிப் பெரிதாகப் பொருத்திவிட்டு, பிறகு குழாயிலுள்ள தடுப்புத் தகட்டைப் பாதி மூடிக் காற்றை அடக்குகின்றனர். ஒரு காலால் வண்டியை முடுக்கிக்கொண்டே மறு காலால் தடையை அழுத்துவதை ஒத்த செயல் இது. தகட்டை முழுவதும் திறந்துவிட்டு விசிறியின் வேகத்தைக் குறைப்பதே முறை. இதற்குப் பெருஞ்செலவும் வேண்டா. பெல்ட் பூட்டிய விசிறியாயின், மோட்டரின் அச்சிலுள்ள 10 சென்ரிமீற்றர்க் கப்பியைக் கழற்றி 8 சென்ரிமீற்றர்க் கப்பியை மாட்டினால் வேகம் ஐந்தில் நான்காகும். லேத் பட்டறையில் முடியும் வேலை. மாறாகக் கப்பியைப் பெரிதாக்கி வேகத்தைக் கூட்ட எண்ணுவோர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். வேகம் பத்திலொரு பங்கு கூடினால் வலு மூன்றிலொரு பங்கு கூடும். மோட்டர் எரிந்த பின்னர் வருந்திப் பயனில்லை.

கப்பி மாற்றம் என்றும் ஒரே வேகத்தைத் தருவது. கடைக்கோ எல்லா நாளும் ஒரு நாளன்று. நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முன்னே கால் வைக்க இடமிராது. மற்றை நாட்களில் பிற்பகலில் நாலைந்து பேரே இருப்பர். இத்தகைய இடத்தில் மின்னோட்டத்தின் மீடிறனை மாற்றி மோட்டரின் வேகத்தை வேண்டியவாறு ஏற்றியிறக்கும் கருவியைப் பொருத்துதல் நன்று. அதன் விலை கப்பியைக் காட்டிலும் பன்மடங்கு கூடுதலாதலின், நெடுநேரம் ஓடும் பெரிய விசிறிகளுக்கே தகும். நம் மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இதற்கு நல்ல சான்று. அங்கே கொய்த கொழுந்தை நீண்ட தொட்டிகளிற் பரப்பி, அடியிலிருந்து விசிறியாற் காற்றைச் செலுத்தி மணிக்கணக்காக வாட்டுகின்றனர். ஈரம் நிறைந்த முதற்பொழுதில் மிகுந்த காற்று வேண்டும். இலை வாடவாடக் காற்றுக் குறைந்தாற் போதும். பழைய விசிறியை மாற்றாமலே இக்கருவியை மட்டும் இணைத்து, தொழிற்சாலைகள் மின்செலவைக் குறைத்திருக்கின்றன.

இனிப் பொறியைத் துலக்கும் வேலை. இதனை முதலிற் சொல்லியிருக்க வேண்டும்; ஏனெனில் அழுக்கடைந்த பொறியில் வேறெந்தச் சீர்திருத்தமும் பயன் தராது. இக்கரையில் உப்பும் தூசியும் சேர்ந்து விசிறி இதழ்களின் உட்புறத்திற் பாறைபோற் படிகின்றன. இதழின் வளைவு தூர்ந்தால் மோட்டர் சுற்றும், காற்று வாராது. நன்னீரால் நன்கு கழுவி, துருவைச் சுரண்டி, உப்புக்காற்றைத் தாங்கும் வர்ணம் பூசுதல் வேண்டும். கழுவிய பின் விசிறி அதிருமாயின் இதழ்களின் சமநிலையைச் சரிபார்க்கவேண்டும். அதிர்வு பேரிங்கை விரைவில் தின்றுவிடும். தொய்ந்த பெல்ட் வழுக்கும். மிக இறுகிய பெல்ட் பேரிங்கை இழுக்கும். இரு கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்பதை ஒரு நூலைப் பிடித்தே கண்டுகொள்ளலாம். குழாய்ப் பொருத்துகளிற் கசியும் காற்று, கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே வீணாகின்றது. அதைத் துணி நாடாவால் ஒட்டுவது வழக்கம். நாடா இரண்டு கச்சானைத் தாங்குவதில்லை. உரிய பசையால் அடைத்தலே நிலைக்கும்.

உறை முழுவதும் துருவேறி உளுத்த விசிறியையும், பலமுறை செம்புச் சுருள் மாற்றிய மோட்டரையும் கட்டியழவேண்டுமென்று யான் கூறவில்லை. முறை தவறிச் சுருளேற்றிய மோட்டர் முன்னையினும் கூடிய மின்சாரத்தை விழுங்கும். சிறு கடைகளிலும் கணக்கு வேறு. 75 வாற்று இழுக்கும் பழைய கூரை விசிறிக்கு ஈடாக, 30 வாற்று அளவில் ஓடும் புதுவகை விசிறிகள் வந்துள்ளன. அங்கே பழுது பார்ப்பதிலும் மாற்றுவதே ஆதாயம்.

எதைச் செய்யினும் வேலைக்கு முன்னும் பின்னும் மோட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை மின்வினைஞரைக் கொண்டு அளப்பித்துக் குறித்துக்கொள்ளவேண்டும். குறிப்பில்லாத சிக்கனம் வெறும் நம்பிக்கையே. மற்றோர் அளவும் உண்டு. அது பணத்தைப் பற்றியதன்று. வெளிக்காற்றின் பத்து இலட்சம் பங்கில் காபனீரொட்சைட்டு 420 பங்களவில் உள்ளது. கடைக்குள் அது ஆயிரத்தைக் கடந்தால், அங்குள்ளோர் ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் மிகுதியாக உட்கொள்கின்றனர் என்பது பொருள். 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின் இதனை விளக்கவேண்டியதில்லை. காலை ஒன்பது மணி முதல் இரவு வரை துணி விரித்துக் காட்டும் விற்பனைப் பெண்ணுக்குக் கடையை விட்டு வெளியே சென்று மூச்சு விட்டுவர நேரமிராது. வேகத்தைக் குறைத்த மறுநாள், கூட்டம் மிகுந்த வேளையில், சிறிய அளவுகருவியொன்றைக் கடையின் கடைசி மூலையில் வைத்துப் பாருங்கள். எண் ஏறுமாயின், குறைத்த வேகத்திற் சிறிது திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.