இதய ஓட்டையை அடைச்சாச்சு... மாத்திரையை நிறுத்தலாமா?

இதயத்தில் ஓட்டை என்றாலே ஒரு காலத்தில் நெஞ்சைத் திறந்துதான் ஆபரேஷன். இப்போது பலருக்கு அது தேவைப்படுவதில்லை. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய டியூப்பை இதயம் வரை செலுத்தி, குடை மாதிரி விரியும் சின்ன 'டிவைஸ்' வைத்து ஓட்டையை அடைத்து விடுகிறார்கள். பெரும்பாலானவர்கள் ஓரிரு நாளில் வீடு திரும்பி விடுகிறார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நெஞ்சில் தையல் இல்லை, வலியும் இல்லை. 'உடம்புதான் நல்லா இருக்கே, இனி மாத்திரை எதுக்கு?' என்று தாங்களாகவே நிறுத்தி விடுபவர்கள் உண்டு. இது உயிருக்கே உலை வைத்து விடும்.

காரணம் இதுதான். டிவைஸ் என்பது கம்பி வலை. உடம்புக்கு அது வெளிப்பொருள். அதன் மேல் ரத்தம் உறையப் பார்க்கும். அந்தக் கட்டி பிய்த்துக் கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். நாளடைவில் டிவைஸ் மீது உடம்பே மெல்லிய சவ்வை வளர்த்து மூடி விடும். அதற்குப் பல மாதங்கள் ஆகும். அதுவரை காவல் காப்பது மாத்திரைதான்.

இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே உள்ள ஓட்டையை அடைத்தவர்களுக்கு ஆஸ்பிரின் மாத்திரை வழக்கமாக 6 மாதமாவது தரப்படுகிறது. முதல் சில மாதங்களுக்கு குளோபிடோகிரலும் சேர்த்துத் தருவது உண்டு. ஏற்கனவே பக்கவாதம் வந்தவர்கள், இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு இன்னும் அதிக காலம் தேவைப்படலாம்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியவை:-

* ஒரு வேளை மறந்து விட்டால், அடுத்த வேளை இரண்டாகப் போடக்கூடாது.

* உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், புரூபன் போன்ற மாத்திரைகள் வேண்டாம். வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.

* பல் பிடுங்கப் போனால் டிவைஸ் வைத்திருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். கிருமி தொற்றாமல் இருக்க முன்கூட்டியே மருந்து தேவைப்படலாம்.

* காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். டெங்கு என்றால் ஆஸ்பிரினால் ரத்தக்கசிவு அதிகமாகும்.

* மலம் தார் போல கறுப்பாகப் போனாலோ, மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

* திடீரென வாய் கோணினால், கை, கால் மரத்தால், பேச்சு குளறினால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

எக்கோ பரிசோதனையில் டிவைஸ் சரியாகப் பொருந்தி இருக்கிறதா, கட்டி ஏதும் உள்ளதா என்று பார்த்த பிறகே மாத்திரையை நிறுத்துவது பற்றி டாக்டர் முடிவு செய்வார். அதுவரை ஒரு நாள் கூட விடாதீங்க!