எதிராளி கிடைக்காத ஆட்டம் விலைபோகாது

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளைத் தயாரிக்கும் சிறு நிறுவனங்கள், பணத்தைப் படங்களுக்கும் விளம்பரத்துக்குமே கொட்டுவதை நான் காண்கிறேன். ஆட வருபவருக்குத் தகுந்த எதிராளியைச் சேர்த்து வைக்கும் 'மேட்ச்மேக்கிங்' ஏற்பாடு கடைசியில்தான் ஞாபகத்துக்கு வருகிறது. இத்துறையில் முதலிட எண்ணும் வர்த்தகர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரே நேரத்தில் 60 பேர் ஆடுகின்றனர்; இருவர் ஆடும் ஓர் ஆட்டம் 10 நிமிடம். எனவே, சராசரியாக நிமிடத்துக்கு 6 பேர் அடுத்த ஆட்டத்துக்காக வரிசையில் சேர்வர். வரிசை ஒன்றாயின் 10 செக்கனுக்கு ஒருவர் வருவார். பிராந்தியம் 3, ஆட்ட வகை 4 எனப் பிரித்தால் வரிசைகள் 12. ஒவ்வொன்றிலும் 2 நிமிடத்துக்கு ஒருவரே சேர்வார். ஊர்ச் சந்தையைப் பன்னிரண்டு இடங்களில் கூட்டினால் வாங்குபவரும் விற்பவரும் சந்திப்பது எப்படி? காத்திருந்து அலுத்தவர் போய்விடுவார். அவர் போனதும் மற்றவருக்கும் ஆள் குறைந்துவிடும்.

அடுத்தது திறமை. இதற்கு ஆர்பட் ஈலோ சதுரங்கத்துக்காக வகுத்த புள்ளி முறை உதவும். உலகச் சதுரங்க சம்மேளனம் அதை 1970இல் ஏற்றுக்கொண்டது. வென்றால் புள்ளி கூடும், தோற்றால் குறையும். பலசாலியை வென்றால் அதிகம் கூடும். இருவருக்கிடையே 200 புள்ளி வித்தியாசமென்றால், கூடியவர் நூற்றுக்குச் சுமார் 76 பங்கு வெல்வார் என்பது கணக்கு. புதியவரைத் தொடர்ந்து இப்படி அகப்பட வைத்தால் அவர் திரும்பி வரமாட்டார்.

ஆனால் சரிசமமானவரையே தேடினாலும் காத்திருப்பு நீளும். ஆகவே முதலில் 50 புள்ளி வித்தியாசத்துக்குள் தேடி, ஒவ்வொரு 10 செக்கனுக்கும் அந்த எல்லையை மேலும் 50 விரிக்கலாம். அரை நிமிடம் கழிந்தும் எவரும் இல்லையெனில் கணினியையே எதிராளியாக்கலாம். அதை ஆடுபவருக்குச் சொல்லிவிட வேண்டும். மறைப்பது நிறுவையில் குறைப்பதற்குச் சமம்.

என் ஆலோசனை இதுதான்: ஒரு வரிசை, ஓர் ஆட்ட வகையுடன் தொடங்குங்கள். இரவு 8 முதல் 10 வரை என ஒரு நேரத்தை அறிவித்துக் கூட்டத்தைச் சேருங்கள். ஆள் பெருகிய பின் பிரிக்கலாம். சராசரிக் காத்திருப்பு எத்தனை செக்கன் என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் பணத்தைக் கொடுக்க அவசரப்படாதீர்கள்.