கடலுக்கும் சாய்தளம் வேண்டும்

ஒரே அளவு பணம் கையில் இருந்தால் இருவர் ஒரே அளவு வாழ்வைப் பெற்றுவிட முடியுமா? முடியாது என்கிறார் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென். உடல் இயக்கக் குறைபாடு உள்ள ஒருவர் பிறரைப் போலச் சம்பாதிப்பது கடினம். இது முதல் தடை. சம்பாதித்த பணத்தைப் பிறரைப் போல வாழ்க்கை வசதியாக மாற்றிக்கொள்வதும் கடினம்; இது இரண்டாவது தடை. நீதி குறித்து 2009-இல் அவர் வெளியிட்ட நூல் இந்த இரு தடைகளையும் பிரித்துக் காட்டுகிறது. வறுமையை அளக்க முற்படும் நாம் முதல் தடையை மட்டும் கணக்கில் கொண்டு, இரண்டாவதை மறந்துவிடுகிறோம் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

கல்லூரி வகுப்பறையில் பல ஆண்டுகள் விளக்கிவந்த இக்கருத்துக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு, ஓய்வு பெற்ற பின்னர் எனக்குக் கடலில் கிடைத்தது. என் துணைவியார் முடக்குவாதத்தால் நூறடிக்கு மேல் நடக்க இயலாதவர். மொபிலிட்டி ஸ்கூட்டர் பயன்படுத்துபவர். அமெரிக்காவில் சியாட்டில் நகரில் வசிக்கும் மகளைப் பார்க்கச் சென்றபோது, அங்கிருந்து அலாஸ்காவுக்கு ஒரு வாரச் சொகுசுக் கப்பல் பயணம் மேற்கொண்டோம். பணம் செலுத்தியது மிக எளிதாக இருந்தது. அந்தப் பணம் பயணமாக மாறுவதற்குள் எத்தனை வாசல்களைக் கடக்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது.

மொபிலிட்டி ஸ்கூட்டர் என்றதும், நம் ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வழங்கும், இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை நினைத்துவிடக் கூடாது. இது மின்கலத்தால் இயங்குவது. மூன்று அல்லது நான்கு சிறு சக்கரங்கள், ஓர் இருக்கை, முன்னால் ஒரு கைப்பிடி கொண்டது. நடைவேகத்திலோ சற்றுக் கூடுதலாகவோ செல்லும். கட்டடத்துக்கு உள்ளேயும் ஓட்டலாம். 1968-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த அல் தீம் என்பவர், தண்டுவட மரப்பு நோயால் நடக்க இயலாமற்போன தம் குடும்பத்தவர் ஒருவருக்காக இத்தகைய வண்டியை உருவாக்கினார். பிறர் தள்ளுவதற்குக் காத்திருக்காமல், தானே நினைத்த இடத்துக்குச் செல்லலாம் என்பதே சக்கர நாற்காலியினின்றும் இதை வேறுபடுத்துவது.

இவ்வண்டியுடன் பயணம் செய்வோர்க்குக் கப்பல் ஏன் ஏற்றது? தரைவழிச் சுற்றுலாவில் நாளுக்கொரு விடுதி, நாளுக்கொரு படிக்கட்டு. கப்பலிலோ விடுதியே நகர்கிறது. ஒருமுறை பெட்டியைப் பிரித்தால் போதும். உணவுக்கூடம், அரங்கம், நூலகம், திறந்த மேல்தளம் ஆகிய அனைத்தும் மின்தூக்கிகளாலும் சமதளங்களாலும் இணைந்திருக்கின்றன. அலாஸ்காவில் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குச் செல்லும் கப்பல்கள் கரையில் நிற்பதில்லை. பூங்காக் காவலர்கள் கப்பலுக்கு வந்து விளக்கம் தருகிறார்கள். பனிப்பாறைச் சுவர் சரிந்து கடலில் விழுவதை, மலையேறும் இளைஞரும் ஸ்கூட்டரில் அமர்ந்திருப்பவரும் ஒரே தளத்தில், ஒரே தொலைவில் நின்று காண்கிறார்கள். இத்தகைய சமத்துவத்தை வேறு சுற்றுலாக்களில் நான் கண்டதில்லை.

ஆனால், அந்தத் தளத்தை அடைவதற்குமுன் கடக்க வேண்டிய முதல் வாசல், வானூர்தி நிலையத்தில் இருக்கிறது. ஸ்கூட்டரில் இருப்பது லித்தியம் அயனி மின்கலமாயின், அதைக் கழற்றிப் பயணியே தம்முடன் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும். அவ்வாறு கழற்றப்படும் மின்கலம் ஒன்றாயின் 300 வாட்-மணி, இரண்டாயின் ஒவ்வொன்றும் 160 வாட்-மணி என்பது பன்னாட்டு விமானப் போக்குவரத்து விதிகளின் வரம்பு. வண்டி வாங்கும்போதே இந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். பயணச்சீட்டு வாங்கியபின் பார்ப்பதில் பயனில்லை.

இரண்டாவது வாசல், கப்பல் அறையினுடையது. பல கப்பல்களில் சாதாரண அறையின் வாசல் 23 அங்குல அளவே அகலம் கொண்டது. நம் வீட்டுக் கழிப்பறைக் கதவுகூட இரண்டரை அடி இருக்கும். பெரும்பாலான ஸ்கூட்டர்கள் இந்த வாசலில் நுழையாது. நுழைந்தாலும் உள்ளே திருப்ப இடமிருக்காது. 'வெளியே தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். அதற்கு அனுமதி இல்லை, அதுவும் நியாயமே. தீ விபத்து நேர்ந்தால் நூற்றுக்கணக்கானோர் அந்தக் குறுகிய தாழ்வாரம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆகவே வண்டி அறைக்குள்தான் நிற்க வேண்டும். அங்கேயே மின்னேற்றம் செய்ய வேண்டும். நாம் கொண்டுசெல்லும், மின்னெழுச்சித் தடுப்பு பொருத்திய நீட்டிப்புப் பலகைகளைக் கப்பல் நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை; கப்பலின் மின்னமைப்பில் அவை தீப்பற்றும் அபாயம் உண்டு.

எனவே, 32 அங்குல வாசல், வண்டி திரும்ப ஐந்தடி வட்டம், நிலைப்படி இல்லாத குளியலறை, பிடிமானக் கம்பிகள் ஆகியவை கொண்ட தனிவகை அறை தேவை. ஆயிரக்கணக்கானோர் பயணம் செய்யும் கப்பலிலும் இத்தகைய அறைகள் சில பத்துகளே இருக்கும். சில நிறுவனங்கள் இவற்றிலும் இருவகை வைத்துள்ளன: சக்கர நாற்காலி முழுமையாகப் புழங்கக்கூடியவை, சிறிது நடக்கக்கூடியவர்க்கு மட்டும் பொருந்துபவை. முன்பதிவின்போது 'மாற்றுத்திறனாளி அறை' என்ற பெயரை நம்பாமல், வாசலின் அகலத்தை எண்ணாகவே கேட்டு எழுத்தில் பெறுவது நல்லது. எங்கள் முதல் முயற்சியில், ஒரு முன்பதிவு முகவர் 'எல்லா வசதியும் உண்டு' என்று மும்முறை கூறினார். அங்குலக் கணக்கைக் கேட்டதும் அவருடைய பதில் நின்றுவிட்டது.

மூன்றாவது வாசல் துறைமுகம். கப்பலையும் கரையையும் இணைக்கும் நடைபாலத்தின் சாய்வைத் தீர்மானிப்பது கடல் ஓதம். தென்கிழக்கு அலாஸ்காவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சில நாள்களில் 20 அடியை எட்டும். காலையில் எளிதாக இறங்கிய பாதை, மாலையில் செங்குத்தாக மாறியிருக்கும். கப்பல் அணைய மேடை இல்லாத துறைகளில் இன்னொரு சிக்கல். அங்கே கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகுகளில் கரைக்குச் செல்வர். கேமன் தீவுகளின் ஜார்ஜ் டவுனும் கிரேக்கத்தின் சான்டோரினியும் இத்தகையவை. அலையில் ஆடும் படகில் கனமான ஸ்கூட்டரை ஏற்றப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். ஆகவே, பயணத்திட்டத்தில் ஊர்ப் பெயர்களை மட்டும் பார்க்காமல், எந்தெந்த ஊரில் கப்பல் கரையை ஒட்டி நிற்கும் என்பதையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கரையேறியபின் காட்சி மாறுகிறது. ஜூனோ நகரில் கப்பல் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே கம்பிவட ஊர்தி நிலையம் இருக்கிறது. 1,800 அடி உயரத்துக்கு அது ஏற்றிச் செல்கிறது. ஸ்காக்வே ஊரில், தங்கவேட்டைக் காலமான 1898-இல் பணி தொடங்கிய மலை ரயிலில், சக்கர நாற்காலியை ஏற்றும் தூக்கி பொருத்திய பெட்டி உண்டு. நூற்றாண்டைக் கடந்த ரயிலில் இது இயலுமெனில், புதிதாகக் கட்டப்படும் எதிலும் 'இயலாது' என்ற சொல்லுக்கு இடமில்லை.

இனிப் பாதுகாப்பு. 2012 ஜனவரியில் இத்தாலியக் கடற்கரையில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் உயிரிழந்தனர். அதன்பின் பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு விதிகள் திருத்தப்பட்டன. கப்பல் புறப்படுவதற்கு முன்னரோ புறப்பட்ட உடனேயோ பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது 2015 முதல் கட்டாயம். ஆபத்தின்போது மின்தூக்கிகளை நம்ப முடியாது. நடக்க இயலாதவரை எந்தப் படிக்கட்டு வழியாக, யார், எந்த இறக்கு நாற்காலியில் கொண்டுசெல்வார் என்பதைப் பயணத்தின் முதல் நாளே கேட்டறிய வேண்டும். இதைக் கேட்பது அச்சத்தின் அடையாளம் அன்று, உரிமை.

உரிமை என்ற சொல் வந்துவிட்டதால், சட்டத்தையும் பார்ப்போம். அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் பெருங்கப்பல்கள் பெரும்பாலும் பகாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியைத் தாங்கியவை. 'வேற்று நாட்டுக் கப்பலுக்கு எங்கள் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்துமா?' என்ற கேள்வி, ஸ்பெக்டர் எதிர் நார்வீஜியன் குரூஸ் லைன் என்ற வழக்கில் எழுந்தது. அமெரிக்கக் கடற்பரப்பில் இருக்கும்போது, 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கப்பல்களுக்கும் பொருந்தும் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. பன்னாட்டுப் பாதுகாப்பு விதிகளுடன் முரண்படும் மாற்றங்களைக் கோர முடியாது என்ற வரம்பையும் வகுத்தது. 2010-இல் வந்த போக்குவரத்துத் துறை விதிகள், மாற்றுத்திறனாளிகளிடம் கூடுதல் கட்டணம் வசூலிப்பதைத் தடை செய்தன. தனிவகை அறைகளை, அவை தேவைப்படுவோர்க்கென ஒதுக்கிவைக்கவும் பணித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதையொத்த உரிமைகள் 2012 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளன.

இந்த ஒதுக்கீட்டு விதி ஏன் தேவைப்பட்டது? இங்குதான் பொருளியல் நுழைகிறது. தனிவகை அறை, சற்று விசாலமானது. கட்டணமோ ஏறத்தாழ ஒன்றே. தேவையில்லாதவரும் அதை விரும்புவர். அவருக்கு அது கூடுதல் சொகுசு. ஸ்கூட்டரில் வருபவருக்கோ அது இல்லையேல் பயணமே இல்லை. முந்தி வந்தவர்க்கே என்று சந்தை பங்கிடும்போது இந்த வேறுபாடு அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

செலவு பற்றிய வாதத்தையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். கட்டிமுடித்த கப்பலில் எஃகுச் சுவரை அறுத்து வாசலை அகலப்படுத்துவது பெருஞ்செலவு என்பது உண்மை. ஆனால் வரைபடத்தில் கோட்டைச் சற்று நகர்த்துவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஒரு கப்பல் முப்பது ஆண்டுகள் ஓடும் எனில், வரைபட மேசையில் ஒரு நாள் காட்டும் அலட்சியத்தின் விலையை முப்பது ஆண்டுப் பயணிகள் செலுத்துகிறார்கள். 2024-இல் உலகெங்கும் 3.46 கோடிப் பேர் சொகுசுக் கப்பல்களில் பயணம் செய்ததாக இத்துறையின் பன்னாட்டுச் சங்கம் கூறுகிறது. இவர்களில் மூத்தோர் கணிசமானோர். இன்று நடப்பவர் நாளை தடியூன்றுவார். மறுநாள் ஸ்கூட்டர் கேட்பார். அகன்ற வாசல் சிறுபான்மையினர்க்கான சலுகை அன்று. அனைவருக்குமான முதுமைக் காப்பீடு.

இந்தியாவுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் பயணத்தை முதல்வர் தொடங்கிவைத்தார். 2024-இல் மத்திய அரசு கப்பல் சுற்றுலாவை வளர்க்கத் தனி இயக்கத்தையே அறிவித்தது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். 2016-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் போக்குவரத்தில் தடையற்ற அணுகலை வலியுறுத்துகிறது. எனினும் அணுகல் தரவிதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது போதாது, மீற முடியாத கட்டாய விதிகள் தேவை என்று உச்சநீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் கூற வேண்டியிருந்தது. புதிய முனையங்கள் எழும் இக்காலமே, வரைபடத்தில் கோட்டை நகர்த்துவதற்கான காலம். நடைபாலத்தின் சாய்வு, படகுத்துறையின் உயரம், அறை வாசலின் அகலம் ஆகிய மூன்றையும் உரிமம் வழங்கும்போதே நிபந்தனையாக்கினால், பின்னர் நீதிமன்றம் செல்ல வேண்டிய தேவை குறையும்.

நம்மால் இது இயலும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 2022 நவம்பரில் மெரினா கடற்கரை மணலில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீள மரப்பாதை அமைக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது; மீண்டும் சீரமைத்தார்கள். கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் வாழ்ந்தும் அலையில் கால் நனைத்திராதவர்கள், அந்தப் பாதை வழியே முதன்முறையாகக் கடலருகே சென்றார்கள். கடலைத் தொடுவதற்குப் பாதை அமைத்துவிட்டோம். கடலைக் கடப்பதற்கும் ஒரு பாதை அமைப்பதுதான் அடுத்த வேலை.