புதிய கிராபிக்ஸ் கார்டு தேவையா? வாங்குமுன் வீட்டிலேயே ஒரு சோதனை

“அப்பா, கேம் ரொம்ப இழுக்குதுப்பா. புது கார்டு போட்டா சரியாயிடும்.”

“இருக்கிறது நல்லாத்தானேய்யா ஓடுது? காசு என்ன மரத்துலயா காய்க்குது?”

கணினி விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. பெரும்பாலும் மகன் முகம் வாடிப் போவதோடு பேச்சு முடிந்துவிடும். அல்லது லோ யாட் பிளாசாவுக்குப் போய் ஒரு பெட்டியை வாங்கி வருவதில் முடியும். ஆனால் விளையாட்டு ஏன் இழுக்கிறது என்று இருவருமே பார்த்திருக்க மாட்டார்கள். அதைக் கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை. ஒரு மாலைப்பொழுது போதும்.

சுமை எங்கே இருக்கிறது?

விளையாட்டின் கணக்குகளைப் போடுவது புரோசஸர். அதைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் 20 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 60 படங்கள் வர வேண்டுமென்றால், ஒவ்வொரு படத்தையும் சுமார் 16.7 மில்லி விநாடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். ‘ஃபோர் கே’ திரையில் புள்ளிகள் நான்கு மடங்கு. ஆகவே, திரையின் புள்ளிகள் கூடினால் கார்டின் சுமையும் கூடுகிறது.

விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் கிராபிக்ஸ் கார்டின் உழைப்பு 100 விழுக்காட்டை ஒட்டி நின்றால் சுமை கார்டின் மீது இருக்கிறது என்று பொருள். பாதி அளவிலேயே இருந்தும் படம் தடுமாறினால், புரோசஸரையோ மெமரியையோ சந்தேகிக்க வேண்டும். படங்களின் எண்ணிக்கைக்கு விளையாட்டில் வரம்பு வைத்திருந்தால், சோதனைக்கு முன் அதை நீக்கிவிட வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்க்கலாம். வேகம் கூடினால் கார்டுதான் தடை. கூடாவிட்டால் புதிய கார்டு வாங்கியும் பெரிய பலன் இருக்காது.

இதற்கு முன்பே பெட்டியைத் திறந்து தூசியைத் துடைப்பது நல்லது. நம் நாட்டு வெயிலில், தூசி அடைத்த காற்றாடியால் கார்டு சூடேறி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ஒரு கார்டின் கதை

2016இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி கார்டை எடுத்துக்கொள்வோம். செட்டிங்கைக் குறைத்துக்கொண்டால் பழைய விளையாட்டுகள் பலவற்றை அது இன்னும் ஓட்டும். ஆனால் 2024 டிசம்பரில் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’, 2025 மே மாதம் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ ஆகியவற்றுக்கு, ஒளி தெறிக்கும் விதத்தைக் கணக்கிடும் ரே டிரேசிங் வசதி கார்டிலேயே இருக்க வேண்டும். 1060இல் அது இல்லை. மேலும், 2025 அக்டோபருக்குப் பின் இந்த வரிசைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வராது, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும் என்று என்விடியா 2025இல் அறிவித்தது.

ஆகவே, எந்த விளையாட்டு என்பதே முக்கியக் கேள்வி. பிள்ளை விளையாடுவது பழைய விளையாட்டு என்றால் அப்பா சொல்வதில் நியாயம் உண்டு. இத்தகைய புதிய விளையாட்டு என்றால், மகன் கேட்பதை வெறும் ஆசை என்று தள்ளிவிட முடியாது.

கார்டு மட்டும் போதுமா?

1060 கார்டுக்கு 120 வாட் மின்சாரம் போதும். 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060க்கு 145 வாட், ஆர்டிஎக்ஸ் 5070க்கு 250 வாட் தேவை. வெளியீட்டின்போது 5060இன் விலை 299 அமெரிக்க டாலர். 5070இன் விலை 549. பெரிய கார்டு என்றால் பவர் சப்ளையையும் மாற்ற நேரிடலாம். பெட்டிக்குள் இடம் இருக்கிறதா என்று அளந்தும் பார்க்க வேண்டும். திரை 60 ஹெர்ட்ஸ் என்றால், கார்டு விநாடிக்கு 120 படங்கள் வரைந்தாலும் 60க்கு மேல் அது காட்டாது. கார்டுக்குச் செலவழித்தது திரையில் தெரியாமல் போகும்.

பழைய கார்டு வாங்குவோருக்கும் எச்சரிக்கை தேவை. 2022 செப்டம்பரில் ஈத்தரியம் மின்னாணயம் ‘மைனிங்’ முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக ஓடிய பல கார்டுகள் சந்தைக்கு வந்தன. எனவே விற்பவர் முன்னிலையிலேயே அரை மணி நேரமாவது விளையாட்டை ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

ஒரு தாளில் எழுதுங்கள்

எந்த விளையாட்டு, சோதனையில் சுமை எங்கே தெரிந்தது, திரை எத்தனை ஹெர்ட்ஸ், பவர் சப்ளை எத்தனை வாட், மொத்தச் செலவு எவ்வளவு? இந்த ஐந்தையும் பிள்ளை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுக்கட்டும். அப்பாவும் அதைப் படித்த பிறகே பதில் சொல்லட்டும். பதில் ‘வேண்டாம்’ என்றே இருந்தாலும், காரணம் தெரிந்துவிட்டால் பிள்ளைக்கு மனத்தாங்கல் இருக்காது. ‘வாங்கலாம்’ என்றால், வீட்டுப் பணம் எதற்குப் போகிறது என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும்.