உஷார்! மோட்டார் ரூமில் சார்ஜ் போடாதீர்கள்

செண்பகத்தோப்புப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் முதலில் இதைப் படியுங்கள். ராஜபாளையத்திலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் வந்து, இறங்கிய கையோடு மோட்டார் ரூமில் சார்ஜ் போட்டுவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போகாதீர்கள். வெயிலில் ஓடிவந்த பேட்டரி கொதித்துக்கொண்டிருக்கும். அரை மணி நேரமாவது ஆறட்டும். அந்த அறைக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள்: காய்ந்த தென்னை மட்டை, உரச் சாக்கு, மூலையில் டீசல் கேன். தாண்டினால் காடு.

லித்தியம் பேட்டரியில் ஒரு செல் அளவுக்கு மீறிச் சூடானால் பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொண்டு எரியும். அணைந்துவிட்டது என்று நினைப்போம். மணிக்கணக்கு கழித்து மறுபடி பற்றும். தீயைவிடப் புகை கொடியது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, தகப்பனும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் செகந்திராபாத்தில், லாட்ஜுக்குக் கீழே இருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூமில் பிடித்த தீயின் புகை மேலே ஏறி 8 பேரைக் கொன்றது.

அந்த வருட விபத்துகளைப் பார்த்துத்தான் ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதியை மத்திய அரசு கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்.

எனக்கு அதைவிடப் பயம், வாரன்டி முடிந்த வண்டிகளைப் பற்றித்தான். புது பேட்டரி அரை லட்சத்தைத் தாண்டும் என்றதும் கை நடுங்கத்தான் செய்யும். அந்த நேரம் பார்த்து, "பாதி விலைக்குக் கட்டித் தர்றேண்ணே" என்று ஒருவர் வருவார். பழைய செல்களைப் பொறுக்கி, டேப் சுற்றி, பெட்டிக்குள் வைத்துத் தந்தால் வெளியிலிருந்து உங்களுக்கு என்ன தெரியும்? சூடு ஏறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிஎம்எஸ் சர்க்யூட் உள்ளே ஒழுங்காக இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. பில், தயாரிப்புத் தேதி, டெஸ்ட் சான்றிதழ் மூன்றும் கேளுங்கள். தர முடியாது என்றால் நடையைக் கட்டுங்கள். மிச்சமாகும் பணத்துக்கு ஈடாக வைப்பது வீட்டிலுள்ளவர்களின் உயிரை.

பேட்டரி உப்பினாலோ, கெமிக்கல் வாடை வந்தாலோ, உஸ்ஸென்று சத்தம் கேட்டாலோ கிட்டே போகாதீர்கள். எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 101-ஐக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு ஒரே வாசல் என்றால், அந்த வாசலில் வண்டியை நிறுத்திச் சார்ஜ் போடுவதை இன்று இரவோடு விட்டுவிடுங்கள்.